மூன்றடிக்கு இரண்டடி

தேர்தல் முடிந்த மாதத்தில்
கொடி தைக்கிறவளுக்கு வேலை இருக்காது.
டென்னிஸ் போட்டிக்காரர்கள் வந்து
நாட்டுக்கு ஒன்றாகப் பதினான்கு என்றதும்
முன்பணத்தை எண்ணாமலே வாங்கிப் போட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில்
மாடி ஏறினால் மூன்று தையல் மெஷின்,
ஒரு ஓவர்லாக், ஒரு டில்லிபாபு.
இஸ்திரி போடுகிறவன் அவன்.
அடுத்து யார் ஆட்சி என்று
துணிக்கட்டின் நிறம் பார்த்துச் சொல்லிவிடுவான்.

பதின்மூன்று சுலபமாய் முடிந்தன.
பதினான்காவதில் ஒரு பறவை,
சிறகுக்கு மட்டும் இருபத்திரண்டு துண்டு.
ஹசீனா இரண்டு ராத்திரி உட்கார்ந்தாள்.
அந்த நாடு எங்கே இருக்கிறதென்று
எனக்கும் தெரியாது, அவளுக்கும்.

வியாழக்கிழமை ஹேமச்சந்திரன் போன் செய்தார்.
"அக்கா, அந்தப் பறவை வேணாம்."
ஏன்?
"அங்க சண்டை. குண்டு போடுறாங்க.
பையன் ஆடலாம், கொடி ஆடக் கூடாதுன்னு
மேலிடத்து உத்தரவு."
யார் மேல் குண்டு?
"அது பெரிய கதைக்கா.
பதிலுக்கு ஒரு வெள்ளைத் துணி குடுங்க,
அதே அளவு, மூணுக்கு ரெண்டு.
அதுல ஒண்ணுமே இருக்கக் கூடாது."
பறவைக்குக் கூலி?
அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றது.

அன்று சாயந்திரமே இளம்பரிதி வந்தார்,
கூட நாலு பேர்.
கறுப்புக்கொடி இருநூறு, சனிக்கிழமைக்குள்.
பையனே வரக் கூடாது என்பது இவர்கள் பக்கம்.
போனில் ஒரு படம் காட்டினார்:
இடிந்த சுவர், ஒரு குழந்தை,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு விலையில் ஐந்து ரூபாய் குறைத்தேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கறுப்பு தைப்பது சுகம்.
நேர்த்தையல் ஒன்று, கம்பு நுழைய ஒரு மடிப்பு.
வெள்ளைதான் உயிரை வாங்கியது.
மெஷின் எண்ணெய் என் கட்டைவிரலில் இருந்திருக்கிறது,
மூலையில் ஒரு கிராம்பு அளவுக்குப் பதிந்துவிட்டது.
சுண்ணாம்புக்கட்டியால் தேய்த்தேன். போகவில்லை.
"டிவில தெரியாதுக்கா" என்றான் டில்லிபாபு.

சனிக்கிழமை போனில் பார்த்தோம்,
மூன்று தலை ஒரு கண்ணாடியில்.
ராயபுரம் பாலம் தாண்டிப் புதிதாய்ப் போட்ட நீலத் தரை.
வாசலில் என் இருநூறு.
உள்ளே என் பதின்மூன்றும் வெள்ளையும்.
நடுவே போலீஸ்.
அவர்கள் கையில் மட்டும் நான் தைத்தது எதுவும் இல்லை.

பதினைந்து, முப்பது, நாற்பது என்று
டில்லிபாபு கணக்குச் சொன்னான்.
நாற்பத்தைந்துதானே வரணும் என்றாள் ஹசீனா.
அஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள் போல,
நம் கூலியில் பிடிக்கிற மாதிரி.

பையன் பந்தைத் தரையில் தட்டுகிறான்,
ஒன்பது தடவை, பத்துத் தடவை,
போடவே மாட்டேன் என்பது போல.
இரண்டாவது செட்டில் வேலிக்கு மேலாக
ஒரு கறுப்புத் துணி நீலத்தில் வந்து விழுந்தது.
மடிப்பு பிரியவில்லை என்பதைத்தான்
நான் முதலில் கவனித்தேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பையனே போய் எடுத்தான்.
மிதிப்பான் என்று நினைத்தோம்.
நாலாய் மடித்தான், ஓரத்தோடு ஓரம் சேர்த்து,
நாங்கள் மடிப்பது போலவே.
தன் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான்.
கூட்டம் ஊளையிட்டது.
ஆறு நாலு, ஆறு ஒன்று. தோற்றுப்போனான்.
மறுநாள் பேப்பரில் அந்த ஆறும் நாலும் இல்லை.
மடித்தது மன்னிப்பா திமிரா என்று
அரைப் பக்கம் இருந்தது.

பறவை இங்கேதான் கிடக்கிறது.
ஓவர்லாக்குக்குப் போர்த்தலாம் என்றான் டில்லிபாபு.
ஹசீனா விடவில்லை.
சரி, பிரித்துத் துண்டையாவது எடுப்போம் என்றேன்.
அதற்கும் விடவில்லை.
"யார் மேல போட்டாங்கன்னு நீ கேட்டியே,
அவர் இன்னும் சொல்லலையே" என்கிறாள்.

வெள்ளையோடு சேர்த்தால் பதினைந்து.
பதினான்குக்குத்தான் தருவேன் என்கிறார் ஹேமச்சந்திரன்.
பில்லை நான் திருத்தவில்லை.